வடிகட்டியில் அடைத்த பூ

மலைநாட்டில் பாய்மரப் படகு எதற்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். காசு இருக்கிறவனுக்கு ஆசை வந்துவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது. ஹட்டனுக்கு அப்பால், எங்கள் டேமின் கரையில் பழைய பெரியதொரை பங்களா ஒன்று இருக்கிறது. அதை வாங்கி ஹோட்டலாக்கியவர்கள், தெற்கே கடற்கரையில் யாரோ வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன படகொன்றை லொறியில் ஏற்றி, வளைவுக்கு வளைவு ஆட்களை இறக்கி மரக்கிளை வெட்டவைத்து, மேலே கொண்டுவந்து டேமில் விட்டார்கள். வெள்ளைப் பாய். உள்ளே இறங்கினால் ஒரு சின்ன அறை, மெத்தை, கை கழுவும் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிரிட்ஜ். தோட்டத்து லயன் வீட்டுச் சனமெல்லாம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பார்த்தேன். அந்தப் பிரிட்ஜ்தான் எங்கள் சோற்றில் மண்ணைப் போடப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

நான் கொட்டகலை பஜாரில் பிரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வருவதெல்லாம் இறைச்சிக்கடைப் பெட்டி, கூல்பார்க்காரரின் ஐஸ்கிரீம் பெட்டி, சீதனமாக வந்து வருஷம் திரும்புவதற்குள் படுத்துவிட்ட வீட்டுப் பிரிட்ஜ், இவைதான். படகுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதை ஓட்டுவதற்கு ஹோட்டல்காரர்கள் எடுத்தது என் தங்கச்சியின் புருஷனை. மாப்பிள்ளை டேமில் தோணி போட்டு மீன் பிடித்து வளர்ந்தவர். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும், நாலு வார்த்தை இங்கிலீஷும் தெரியும், குடிப்பழக்கம் கிடையாது. இதைவிட நல்ல ஆளை அவர்கள் விளக்குப் பிடித்துத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்த வேலை தங்கச்சிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கொழுந்து எடுக்கப் போன இடத்தில், மழை நாளில், தேயிலை நிரைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானில் கால் இடறி விழுந்தாள். முழங்கால் வீங்கியது, வீங்கியபடியே நின்றுவிட்டது. இனி மலை ஏறவே கூடாது என்றார் டொக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். தோட்டத்தில் மலை ஏறாமல் பொம்பளைக்கு என்ன வேலை இருக்கிறது? வீங்கின காலோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். மாப்பிள்ளைக்குப் படகு வேலை கிடைத்த பிறகுதான் கூடையை இறக்கிச் சுவரில் மாட்டினாள். ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்து, அடுப்படியில் நின்று ரொட்டி தட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான்.

அப்படி இருக்கும்போதுதான் பிரிட்ஜ் மக்கர் பண்ணத் தொடங்கியது. கரையில் ஒழுங்காக ஓடும். ஆட்களை ஏற்றிக்கொண்டு டேமுக்குள் போனால் பாதி வழியில் நின்றுவிடும். விருந்தாளிகளுக்குச் சுடுதண்ணீர் மாதிரி பியர். டவுனிலிருந்து ஒருவன் வந்து பார்த்து கேஸ் குறைவு என்று அடைத்துவிட்டுப் போனான். மறுபடி நின்றது, மறுபடி வந்து அடைத்தான். மூன்றாவது தடவை அவனுக்கே வெட்கமாகியிருக்க வேண்டும். தன் மண்டையில் சரக்கு இல்லை என்று சொல்லமுடியுமா? "யாரோ சுவிச்சை நோண்டுறாங்க சேர்" என்று மெனேஜர் காதில் ஓதிவிட்டான். படகில் சுவிச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் என் மாப்பிள்ளை ஒருவர்தான்.

பெட்டரியை மிச்சம் பிடிக்க மாப்பிள்ளைதான் பிரிட்ஜை நிறுத்திவிடுகிறார் என்று மெனேஜர் முடிவே கட்டிவிட்டார். இன்னும் ஒருமுறை நின்றால் ஆளை மாற்றுவேன் என்று மற்ற வேலைக்காரர்கள் முன்னால் வைத்துச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. தங்கச்சிக்கு ஹோட்டல் சமையல்காரி சொல்லித் தெரிந்து, அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, அந்தப் பொட்டிய நீங்களே வந்து பாத்துக் குடுத்துருங்க. அவருக்கு வேலை போச்சுன்னா நான் மறுபடி மலைக்குத்தான் போகணும். என்னால முடியாதுண்ணே."

கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே போனேன்.

மெனேஜர் கொழும்பு ஆள், சின்ன வயது. சிங்களத்தில்தான் பேசினார், நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். மரியாதையான பேச்சுதான். மரியாதையாகவே கழுத்தில் கத்தி வைக்கும் ஆள். "பாஸ், மெஷினில் பிழை என்றால் திருத்துங்கள். ஆளில் பிழை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்" என்றார். நான் படகுக்காரரின் மச்சான் என்பது அவருக்குத் தெரியும்.

படகுக்குள் இறங்கிப் பார்த்தேன். வீட்டுப் பிரிட்ஜின் முதுகில் கறுப்பாக ஒரு கம்பி வலை இருக்குமே, உள்ளேயிருந்து இழுத்த சூட்டை அதுதான் காற்றில் விடும். படகில் அதற்குக் காற்றும் இல்லை, இடமும் இல்லை. அதனால் அடிப்பலகையில் ஒரு துளை. அந்தத் துளையால் சின்ன பம்ப் ஒன்று வெளித் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் ஒரு வடிகட்டியைத் தாண்டி, சூடான குழாயைச் சுற்றி ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு படகின் பக்கவாட்டில் இருக்கும் மூக்கு வழியாக வெளியே விழும். தண்ணீர் ஓடும் மட்டும் பிரிட்ஜ் ஓடும். தண்ணீர் நின்றால் கொம்பிரசர் கொதித்துத் தன்னால் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

கேஸ் அளக்கும் கேஜைப் பூட்டியதும் எனக்கு ரத்தம் கொதித்தது. கேஸ் குறைவா? தொண்டை வரைக்கும் அடைத்து வைத்திருக்கிறான் பாவி. அளவுக்கு மிஞ்சினதை இறக்கி எடுத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு மூக்கைப் பார்த்தேன். விரல் மொத்தத்துக்கு விழவேண்டிய தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அடித்துளை வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே கபில நிறத்தில் கொழகொழவென்று ஒரு சகதி, அழுகல் நாற்றம். டேம் வற்றும் காலம், பாசி அழுகி உள்ளே ஏறியிருக்கிறது என்று நினைத்தேன். கழுவி மாட்டினேன். தண்ணீர் விரல் மொத்தத்துக்குக் கொட்டியது. ஒரு மத்தியானம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன், ஐஸ் பிடித்தது.

"பாசி சேர். ஆள் மேல பிழை இல்ல" என்று மெனேஜரிடம் சொல்லிவிட்டு, தங்கச்சி வீட்டில் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டுத் திரும்பினேன். ஒரு வாரம் போகவில்லை, திரும்பவும் நின்றுவிட்டது.

இந்த முறை மெனேஜரே கூப்பிட்டார். அடுத்த பயணத்திலும் நின்றால் மாப்பிள்ளைக்கு அதுதான் கடைசி நாள் என்று போனிலேயே சொன்னார். நானும் படகில் வருகிறேன் என்றேன். கரையில் கட்டிப்போட்டுப் பார்த்து இனிப் பிரயோசனம் இல்லை, நிற்கிற இடத்தில் வைத்துத்தான் பிடிக்கவேண்டும்.

விருந்தாளிகள் மேலே உட்கார்ந்தார்கள், வெளிநாட்டவர் சிலர், கொழும்பு ஆட்கள் சிலர். என்னைக் கீழே அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். கறை பிடித்த சட்டைக்காரனைப் பார்த்தால் அவர்களுக்குப் பியர் இறங்காது போல. காலுக்கிடையில் சாமான் பையை வைத்துக்கொண்டு, ஒரு கையைக் கொம்பிரசர்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பம்ப் சீராகச் சத்தம் போட்டது. ஜன்னல் வழியாக மூக்கு தெரிந்தது, தண்ணீர் நன்றாக விழுந்தது. அரை மணித்தியாலம் ஒரு குறையும் இல்லை.

டேமின் நடுவில் மாப்பிள்ளை பாயை இறக்கிப் படகை நிறுத்தினார். அந்த இடம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். டேம் கட்டுவதற்கு முன்னால் அங்கே மாரியம்மன் கோயில் இருந்தது. தண்ணீர் ஏறியபோது அம்மனை மேலே கொண்டுவந்துவிட்டார்கள், கட்டடம் அடியில் போய்விட்டது. கடும் வறட்சி வந்தால் கோபுரத்தின் தலை வெளியே தெரியும். எங்கள் பக்கத்து ஆட்கள் தோணியில் அந்த இடத்தைக் கடந்தால் துடுப்பை நிறுத்தி ஒரு பூவைத் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். பூ இல்லாவிட்டால் ஒரு இலையாவது விடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, கை தானாகச் செய்யும். மாப்பிள்ளையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, யாரை ஏற்றிக்கொண்டு போனாலும், சட்டைப்பையில் ஒரு செவ்வந்திப் பூ வைத்திருந்து அங்கே விடுவார்.

அதை ஒரு வெள்ளைக்காரப் பெண் பார்த்துக் கேட்டிருக்கிறாள். இவரும் சொல்லியிருக்கிறார், தன் தாத்தாவுக்கு அந்தக் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது என்று. அவள் ஊருக்குப் போய் அதை இன்டர்நெட்டில் எழுத, ஹோட்டல்காரர்களுக்கு மூளையில் பல்ப் எரிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் தட்டுத் தட்டாகப் பூ. ஒவ்வொரு விருந்தாளி கையிலும் ஒரு தட்டு. மாப்பிள்ளை கோயில் கதையை இங்கிலீஷில் சொல்லவேண்டும், கதை முடிந்ததும் எல்லோரும் பூப்போடவேண்டும், போட்டோ எடுக்கவேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் எதைப் பேசினார், இதைப் பேசுவதற்கு.

மேலே மாப்பிள்ளையின் குரல் கேட்டது. தாத்தாவின் கல்யாணத்தைச் சொன்னார். ஒரு பெண் "ஓ" என்றாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பூவாக விழுந்தது. செவ்வந்தியும் ரோசாவும் தண்ணீர் தெரியாத அளவுக்கு மிதந்தன. நின்ற படகு, அசையாத தண்ணீர். நனைந்த இதழ்கள் மெல்லமெல்லப் படகின் அடிப்பக்கம் போய்க்கொண்டிருந்தன.

பம்பின் சத்தம் மாறியது. மூக்கில் தண்ணீர் மெலிந்தது. கொம்பிரசர்மேல் வைத்த கையை எடுக்கவேண்டியதாகிவிட்டது, அப்படிச் சூடு. டக்கென்று நின்றது. வால்வை மூடி வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே முழுக்கப் பூ. புத்தம் புதிய மஞ்சளும் சிவப்பும். போன வாரம் நான் பாசி என்று கழுவி ஊற்றியது அழுகிய பூ.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. சுவிச்சும் இல்லை, மாப்பிள்ளையின் கையும் இல்லை, ஹோட்டல்காரன் தன் தட்டால் தன் பிரிட்ஜைத் தானே அடைத்திருக்கிறான். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? பூவோடு வடிகட்டியை அப்படியே ஒரு வாளியில் போட்டு, கரைக்கு வந்ததும் மெனேஜர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

"பாருங்க சேர். ஒங்க பூதான். படகு நிக்கிற நேரம் பம்ப நிப்பாட்டச் சொல்லுங்க, இல்லாட்டி பூவக் கொறைக்கச் சொல்லுங்க. இனி ஒரு கரைச்சலும் வராது" என்று சொன்னேன்.

மெனேஜர் வாளிக்குள் பார்த்தார். சிரித்தார். நானும் முட்டாள் மாதிரி கூடவே சிரித்தேன். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "இந்தப் பூப்போடுவதை முதலில் தொடங்கியது யார்?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வெள்ளைக்காரி என்று சொல்லியிருக்கலாம், ஹோட்டல் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதானே. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, "நான்தான் சேர். எங்க கோயில் சேர்" என்றார்.

அவ்வளவுதான். மெஷின் மாதக்கணக்காகக் கெட்டது இவரால், விருந்தாளிகள் முன்னால் மானம் போனது இவரால், படகின் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாதவருக்குப் படகு எதற்கு, நாளையிலிருந்து வரவேண்டாம். எல்லாவற்றையும் மரியாதையாகவே சொன்னார். நான் விடவில்லை. தட்டு வாங்கியது யார், கதை சொல்லச் சொன்னது யார், இவர் விட்டது ஒரே ஒரு பூ, அதற்குப் பம்ப் நிற்குமா என்று சிங்களத்தில் தொடங்கித் தமிழில் போய் முடித்தேன். கடைசியாகச் சொன்னதை இங்கே எழுதமுடியாது. மாப்பிள்ளைதான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க மச்சான், போவோம். நம்ம பேசி என்னாகப் போவுது."

போகும்போது திரும்பிப் பார்த்தேன். பூ நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை. நிற்குமா? மறுநாளும் தட்டுகள் போயின.

மாப்பிள்ளை இப்போது ராகலைப் பக்கம் மரக்கறித் தோட்டமொன்றில் கூலிக்கு நிற்கிறார். வாரக்கடைசியில் சில தடவை வருவார். அந்தக் கூலி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாலும் காணாது. தங்கச்சி கூடையைச் சுவரிலிருந்து இறக்கினாள். முழங்காலில் பழைய சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாள். கங்காணி அவளை மேட்டு மலைக்கு அனுப்பினான். ஏன் என்று கேட்க ஆளில்லை.

ஹோட்டலிலிருந்து பிறகும் எனக்குப் போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதைக் கேட்டுத் தங்கச்சிதான் கோபித்துக்கொண்டாள்.

"வீராப்புப் பேசி நமக்கு என்ன ஆவப்போவுது? போங்கண்ணே. போயி வேலையச் செஞ்சு குடுத்துட்டு, நல்ல மொகத்தோட கேளுங்க. எடம் வந்தா அவரத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க. எனக்காகக் கேளுங்க."

எனக்காக என்று அவள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. போனேன்.

படகில் புது ஆள். நாலு மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், இந்த டேமில் முன்பு கால் வைத்ததில்லை. சாதுவான மனுசன், என்னை அண்ணே என்று கூப்பிட்டார். மனைவிக்கு இது ஆறாம் மாசம் என்று தானாகவே சொன்னார். கீழே நான் அதே இடத்தில் உட்கார்ந்தேன். டேமின் நடுவில் படகு நின்றது. மேலே அவர் பேசத் தொடங்கினார். தன் தாத்தாவுக்கு இந்தக் கோயிலில்தான் கல்யாணம் நடந்ததாம். சொல் பிசகாமல் மாப்பிள்ளையின் கதை, மனப்பாடம் பண்ணவைத்திருக்கிறார்கள். வேலையைப் பறித்தது போதாது என்று தாத்தாவையும் வைத்துக்கொண்டார்கள். மேலே இருந்த பெண்கள் இப்போதும் "ஓ" என்றார்கள்.

பூ விழுந்தது. பம்ப் திணறியது. பிரிட்ஜ் நின்றது.

கரைக்கு வந்ததும் வடிகட்டியைத் திறந்தேன். புது ஆள் கீழே இறங்கி வந்து எட்டிப்பார்த்தார். பூவைக் கண்டதும் முகம் செத்துப்போனது. தனக்கு முன்னால் இருந்தவர் எதனால் போனார் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

படகு கட்டும் துறையில் மெனேஜர் நின்றார். "என்ன பாஸ், பழைய வியாதியா? பூ நேரம் பம்பை நிறுத்து என்று இவனுக்குச் சொல்லியிருக்கிறேன். நிறுத்தவில்லை என்றால் இவனும் வீட்டுக்குப் போகலாம்" என்று மேலேயிருந்து கேட்டார்.

பூ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இடம் காலியாகும். அதே மூச்சில் மாப்பிள்ளைக்கு அந்த வேலையைக் கேட்டிருக்கலாம், அதற்குத்தான் போயிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்ப்பக்க மலை தெரிந்தது. கொழுந்து எடுக்கிற பொம்பளைகளின் வரிசை மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒருத்தி பின்தங்கி நின்றாள், இரண்டு அடி வைத்தாள், மறுபடி நின்றாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. எனக்கு முகம் தேவைப்படவில்லை. இந்த மனுசனின் மனைவிக்கு ஆறாம் மாசம்.

"பாசி சேர்" என்றேன். "டேம் வத்துதுல்ல. எல்லா எடத்துலயும் பாசி."

மெனேஜர் போய்விட்டார். புது ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணே, அண்ணே என்றார். கையை உதறிவிட்டேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். என்ன பாவம் பண்ணினார் அவர்? ஒன்றும் இல்லை. இருந்தும் இன்றுவரைக்கும் அந்த ஆத்திரம் ஆறவில்லை. பூவை வழித்துத் தண்ணீரில் எறிந்துவிட்டு வடிகட்டியை மாட்டினேன்.

பிறகு மெனேஜரின் அறைக்குப் போய், நல்ல முகத்தோடு, மாப்பிள்ளைக்காகக் கேட்டேன். இடம் இருந்தால் பார்க்கலாம், இப்போதைக்கு ஆள் இருக்கிறதே என்றார்.

லயத்துக்குப் போனேன். தங்கச்சி மலையிலிருந்து அப்போதுதான் வந்து வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலில் சுற்றிய சீலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன். எடம் இல்லங்குறான்."

"புது ஆள் நல்லாத்தான் ஓட்டுறாராமே" என்றாள். சீலையை உப்புச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து மறுபடி முழங்காலில் கட்டினாள். "பொட்டிக்கு என்ன கோளாறு?"

"பாசி" என்றேன்.

"அது ஒங்க கையில சரியாயிரும். எடம் வந்தா ஒங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எனக்குத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள்.